ஏன் என்று யாரும் சொல்லவில்லை

நடுவர் ஐயாவுக்கும், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களுக்கும், முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

'வளரும் தொழில்நுட்பம் பிள்ளைகளின் இணையத் தேடலை வளர்க்கிறதா, முடக்குகிறதா?' வளர்க்கிறது என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் அண்ணன் சொன்னார்: "நாங்கள் தேடிப் படித்தோம். இன்று பிள்ளை வாயைத் திறந்தால் போதும், விடை மடியில் விழுகிறது." அண்ணே, நாம் எங்கே தேடினோம்? நம் தோட்டத்து லயத்து வீடுகள் பக்கம் நூலகம் இருந்ததா? பட்டணத்துக்குப் போக பஸ் காசு இருந்ததா? 1998இல் கூகுள் வந்தது. சரி, வந்து நம் பிள்ளைகளிடம் முதலில் என்ன கேட்டது? எழுத்துக் கூட்டத் தெரியுமா என்று கேட்டது. முத்து நெடுமாறன் 1985லேயே நம் மலேசியாவில் முரசு அஞ்சல் என்ற மென்பொருளை உருவாக்கித் தமிழைக் கணினியில் ஏற்றிவிட்டார். அப்படியிருந்தும், விசைப்பலகையில் எழுத்தைத் தேடித் தேடியே களைத்துப்போகும் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கேள்வி பாதியிலேயே மறந்துவிடும். 2017 ஆகஸ்டில் கூகுளின் குரல்தேடலில் தமிழும் சேர்ந்தது. அன்றுதான் அந்தப் பிள்ளைக்குக் கதவு திறந்தது.

நான் மாலையில் டியூஷன் சொல்லிக்கொடுப்பவள். என்னிடம் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி வருகிறாள். அவளுடைய பாட்டி முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஒருநாள் அவள் கைப்பேசியிடம், "பால்மரத்துல ஏன் சாய்வா கோடு போடறாங்க?" என்று கேட்டாள். அது பசும்பாலைக் காட்டியது. நான் வாயே திறக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "ரப்பர் மரத்துப் பட்டையை ஏன் சாய்வா வெட்டறாங்க?" என்று மாற்றிக் கேட்டாள். விடை வந்தது. ஐயா, நான் தேடல் என்று சொல்வது விடை வந்த நொடியை அல்ல, அவள் கேள்வியைத் திருத்திய நொடியை!

பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஓடுவதில்லை, சற்றுச் சாய்ந்து ஓடுகின்றன. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் திறக்கும். இதைக் கேட்டதும் பாட்டியிடம் ஓடினாள். பாட்டி வாசல் தூணில் விரலால் அதே கோட்டை இழுத்துக் காட்டினார். "இடது உசரம், வலது இறக்கம். வேலையை மேற்பார்க்கிற தண்டல் இப்படித்தான் வெட்டச் சொன்னாரு. ஏன்னு யாரும் சொல்லலையே, கண்ணு." முப்பது வருடம் வெட்டிய கைக்கு, பேத்தி வழியாகக் காரணம் கிடைத்தது. அப்புறம் பாட்டியே, வெயில் ஏறினால் மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டுவது குறைந்துவிடும் என்றார். அது ஏன் என்று அடுத்த தேடல் தொடங்கியது.

கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை இரவெல்லாம் வீடியோவில் கிடக்கிறது என்றார் எதிரணித் தங்கை. உண்மைதான். ஆனால் கைப்பேசி காட்டுவதைப் பார்ப்பது வேறு, தேடுவது வேறு.

செயற்கை நுண்ணறிவு தவறாகவும் சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, இல்லாததையும் இருப்பதுபோல் சரளமாகச் சொல்லும் கருவிகள் வீட்டுக்குள் வந்துவிட்டன. இதே சிறுமி எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் பற்றி அப்படி ஒன்றிடம் கேட்டு, அது சொன்ன வருடத்தை எழுதி வைத்தாள். "நான் கல்யாணமாகி வந்தப்பவே கோயில் இருந்துச்சே" என்றார் பாட்டி. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வருடம் அதற்கும் பின்னால் வருகிறது. பென்சிலால் அடித்துவிட்டு, பக்கத்தில் 'பாட்டி சொன்னது' என்று எழுதினாள்.

அந்த நோட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். நடுவர் ஐயா, தீர்ப்புச் சொல்வதற்கு முன் இந்தப் பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். நன்றி, வணக்கம்.