இருட்டறையும் விழித்திரையும்

வணக்கம் வானொலி நேயர்களே. செயற்கை நுண்ணறிவால் நன்மையா தீமையா என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் கண்ணை வைத்தே பேசுகிறேன். கண் மருத்துவமனை இருட்டறையில் விழித்திரையைப் படம் எடுத்தே என் உத்தியோகம் முடிந்தது. எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்பேன்.

சர்க்கரை உள்ளவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். சர்க்கரை விழித்திரையைக் கெடுக்கத் தொடங்கும்போது வலிக்காது, பார்வையும் மங்காது. "எனக்குத்தான் நல்லா தெரியுதே, எதுக்குடா டெஸ்ட்டு?" என்பார் என் பெரியம்மா. நன்றாகத் தெரியும்போதே வரவேண்டும் பெரியம்மா என்று புரியவைக்க எனக்கு மூன்று தீபாவளி ஆயிற்று. உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன், தெரியும்போதே போங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படம் எடுக்க என்னைப் போன்றவர் போதும். அதைப் பார்த்துச் சொல்லும் மருத்துவர்தான் குறைவு. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டி ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருளைப் பழக்கினார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் படங்கள் கொடுத்தது. கண் மருத்துவர்களுக்கு இணையாக அது நோயைக் கண்டுபிடித்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் அது தாய்லாந்துக்குப் போனது. 11 கிளினிக்குகள். பத்து வாரம் வரை காத்திருந்த முடிவு பத்து நிமிடத்தில் வரும் என்றார்கள். முதல் ஆறு மாதத்தில் 1,838 படங்கள்; அதில் 21 சதவீதத்தை, தெளிவில்லை என்று மென்பொருள் தள்ளிவிட்டது. காரணம் என்ன தெரியுமா? அறை இருட்டாக இல்லை! எங்கள் இருட்டறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டச் சொல்லி நான் சண்டை போட்டதெல்லாம் சும்மாவா?

தெளிவில்லாததைத் தெளிவில்லை என்று சொன்னது நேர்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் படம் தள்ளப்பட்டவர் வேறொரு நாள், வேறோர் ஊர் மருத்துவரிடம் போகவேண்டும். அந்த நாள் கூலி? பஸ் காசு? ஆய்வகத்தில் இந்தக் கணக்கு வராது. அறையையும், நர்ஸையும், பஸ் காசையும் முதலில் போய்ப் பாருங்கள் என்பேன். இதை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்!

நேரமாயிற்று என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். செயற்கை நுண்ணறிவால் ஒருவர் குரலைப் போலவே பேசவைத்து ஏமாற்றும் போலிக் குரல் மோசடி பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன், போகட்டும். இது மட்டும்: மகன் குரலில் யாராவது அவசரமாகப் பணம் கேட்டால் போனை வைத்துவிட்டு, மகனின் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்யம். வணக்கம்.