ரங்கப்பிள்ளை மாளிகையும் 1716-ஆம் ஆண்டின் தீர்ப்பும்

(காட்சி: ரங்கப்பிள்ளை வீதி, மாளிகையின் முகப்பு)

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு அருகில், ரங்கப்பிள்ளை வீதியின் கடைகளுக்கு நடுவே, 1738 வாக்கில் கட்டப்பட்ட ஒரு மாளிகை இன்றும் நிற்கிறது. கீழ்த்தளம் முற்றமும் வேலைப்பாடுள்ள மரத்தூண்களுமாக நம் ஊர் முறையிலும், மேல்தளம் சுண்ணாம்பு பூசிய வெண்ணிறத் தூண்களோடு பிரெஞ்சு முறையிலும் அமைந்திருப்பதைப் பார்க்க வருபவர்கள் பலர். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு என்பதும் பலருக்குத் தெரிந்ததே. ஆனால் இந்த வீடு எழுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், இதே குடும்பத்தைக் குற்றவாளிக் குடும்பம் என்று பிரெஞ்சு நிர்வாகம் முத்திரை குத்தியிருந்தது. அந்த வழக்கை அறியாமல் இந்த மாளிகையைப் பார்ப்பது பாதி பார்ப்பதுதான்.

(காட்சி: பழைய புதுச்சேரியின் வரைபடம்)

ஆனந்தரங்கருக்கு மாமன் முறையான நைனியப்ப பிள்ளை 1708-இல், எபேர் ஆளுநராக இருந்தபோது, பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் தரகராக நியமிக்கப்பட்டார். பின்னாளில் தலைமைத் துபாஷ் (இரு மொழி அறிந்த இடைத்தரகர்) என்று அறியப்பட்ட பதவி அது. நெசவாளரிடமிருந்து துணி வருவதும், உள்ளூர் வணிகர்கள் கடன் தருவதும், சுற்றுப்புற ஆட்சியாளர்களோடு பேச்சு நடப்பதும் பெரும்பாலும் அந்த ஒருவரைச் சார்ந்தே இருந்தன. ஆளுநர்கள் மாறிக்கொண்டிருப்பார்கள், ஊரில் யார் சொல் நிற்கும், யாரிடம் சரக்கு கிடைக்கும் என்று அறிந்தவர் தரகரே. இவ்வளவு பொறுப்பு ஓர் இந்துவிடம் இருப்பதை இயேசு சபைக் குருமார்கள் ஏற்கவில்லை. நைனியப்பருக்கு முன்பு அப்பதவியில் இருந்தது ஒரு கிறித்தவ முதலியார் குடும்பம். பதவி மீண்டும் அந்தக் குடும்பத்திடமே போக வேண்டும் என்பது குருமார்களுடைய விருப்பம்.

1715-இன் தொடக்கத்தில், சமயச் சடங்குகளுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளை எதிர்த்துத் தமிழ் மக்கள் திரளாக ஊரைவிட்டு வெளியேறினார்கள். தறி ஓட்டவும் சுமை தூக்கவும் ஆளில்லாத துறைமுகத்தில் கும்பெனிக்கு என்ன வேலை? நிர்வாகம் இறங்கி வர வேண்டியதாயிற்று. பதவியிழந்து பிரான்சுக்குப் போயிருந்த எபேர் அதே ஆண்டு மீண்டும் அதிகாரத்தோடு வந்தபோது, அந்த வெளியேற்றத்தைத் தூண்டிவிட்டவர் என்ற பழி நைனியப்பர் மீது சுமத்தப்பட்டது. அவரை நியமித்த அதே கைதான் 1716 பிப்ரவரியில் அவரைச் சிறையிலும் அடைத்தது.

(காட்சி: பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட பழைய ஆவணத் தாள்கள்)

கொடுங்கோன்மை, கலகம் ஆகியவையே குற்றச்சாட்டுகள். விசாரணை நடந்த விதம்தான் இந்த வழக்கின் மையம். சாட்சிகள் தமிழில் பேசினார்கள். பதிவேடு பிரெஞ்சில் எழுதப்பட்டது. தமக்கு வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்திட்டதாகச் சாட்சிகள் பிற்பாடு, மறுவிசாரணையின்போது, சொன்னார்கள். மொழிபெயர்ப்பாளராக இருந்தவரோ இயேசு சபையாரின் உபதேசியாருடைய மகன். குற்றம் சாட்டும் தரப்புக்கு இவ்வளவு நெருக்கமானவர் வழியாக வந்த வாக்குமூலத்தை நம்பி ஒருவரைத் தண்டித்ததை நீதித்தவறு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. திட்டமிட்டுச் செய்யப்பட்டது என்றே கருதுகிறேன்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. கடைத்தெருவில் எல்லோரும் பார்க்க ஐம்பது சவுக்கடி, மூன்றாண்டுச் சிறை, 8,888 வராகன் (பொற்காசு) அபராதம், சொத்துகள் பறிமுதல், பிள்ளைகள் நாடு கடத்தல் என்று தண்டனை விதிக்கப்பட்டது. ஆனந்தரங்கரின் தந்தை திருவேங்கடம் பிள்ளையும் இந்த வழக்கில் சிக்கினார். அப்போது ஆனந்தரங்கருக்கு வயது ஏழு. நைனியப்பர் சிறையிலிருந்து மீளவில்லை; 1717-இல் அங்கேயே இறந்தார். தரகர் பதவி, முன்பு அதை வகித்த கிறித்தவ முதலியார் குடும்பத்தைச் சேர்ந்த கனகராய முதலியாருக்குப் போனது.

வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. கும்பெனியின் வணிக உரிமையைப் பெற்றிருந்த, பிரான்சின் சென் மாலோ துறைமுக நகர வணிகர்கள் நைனியப்பருக்காகப் பரிந்து பேசினார்கள். இதைக் கருணை என்று கொள்வதைவிடக் கணக்கு என்று கொள்வதே பொருந்தும்: இப்படி ஒரு தரகரை அடித்துச் சிறையிலிட்ட ஊரில் எந்தத் தமிழ் வணிகர் நம்பிக் கடன் கொடுப்பார்? இயேசு சபையோடு போட்டியிட்ட இன்னொரு கத்தோலிக்கச் சபையினரான கப்புச்சின் துறவிகளும் இதே பக்கம் நின்றார்கள். எபேர் பதவியிழந்து பிரான்சுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார், தீர்ப்பும் ரத்தானது. நைனியப்பரின் மூத்த மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்கே சென்று முறையிட்டார். அங்கே கிறித்தவராகி, அரசப் பிரதிநிதியான ஓர்லியான் கோமகனையே ஞானத்தந்தையாகப் பெற்று, புனித மிக்கேல் விருதின் ஷெவாலியே பட்டத்தோடு திரும்பி, தந்தை வகித்த பதவியில் 1722-இல் அமர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் அவர் இறந்துவிட, பதவி மறுபடியும் கனகராய முதலியாரிடம் சென்றது.

(காட்சி: மாளிகையின் உள்முற்றம், மரத்தூண்கள்)

ஆண்டுகளை இங்கே கவனமாகப் பார்க்க வேண்டும். இதைத் தலைமைத் துபாஷ் கட்டிய மாளிகை என்று சொல்வது வழக்கம். ஆனால் 1738-இல் அப்பதவியில் இருந்தவர் கனகராய முதலியார். தந்தை 1726-இல் இறந்த பிறகு, பரங்கிப்பேட்டையில் கும்பெனியின் பண்டகசாலையை மேற்பார்த்தும், சொந்த வணிகத்தைப் பெருக்கியும் வளர்ந்த ஆனந்தரங்கர், தலைமைத் துபாஷ் பதவி கைக்கு வருமுன்பே இந்த வீட்டைக் கட்டினார். மாமனின் சொத்து முழுவதும் பறிபோன அதே ஊரில், எதிர்த்தரப்பினர் செல்வாக்கோடு இருந்த காலத்தில், யாரும் பார்க்காமல் போக முடியாதபடி ஒரு வீட்டை எழுப்பியிருக்கிறார். பதவி அவருக்கு வந்தது கனகராயர் 1746-இல் இறந்த பிறகு, 1747-இல்தான்.

1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பை அவர் 1761 ஜனவரி வரை தொடர்ந்தார். ஆளுநர் சொன்னது, குருமார் கேட்டது, யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் நாள்வாரியாக இருக்கிறது. ஒரு பொய்ப் பதிவேட்டால் மாமனை இழந்த வீட்டில் வளர்ந்தவர், தமிழிலேயே தமக்கென ஒரு பதிவேட்டை இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தார். அவர் இறந்த சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது, கோட்டையும் இடிக்கப்பட்டது. அந்த நாட்குறிப்பு 1846-இல் கண்டெடுக்கப்பட்டுப் படியெடுக்கப்பட்டது.