காலையில் விரல் மடங்குகிறதா?

எல்லோருக்கும் வணக்கம். இங்கே முக்கால்வாசிப் பேர் முழங்காலுக்காகத்தான் வந்திருப்பீர்கள். அதை முதலில் முடித்துவிடுகிறேன். தேய்மானம் என்றால் நடக்கும்போது வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். வலிக்கிறதே என்று நடையை அடியோடு நிறுத்தினால் தொடைத் தசை மெலிந்து வலி கூடத்தான் செய்யும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது.

முடக்குவாதம் வேறு சங்கதி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்ளுறையைத் தாக்குகிறது. முப்பது வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. குக்கர் மூடியைத் திருக முடியாது, பிள்ளைக்குப் பின்னல் போட முடியாது. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் சரியாகிவிடும். அதனாலேயே வீட்டில் யாரும் நம்புவதில்லை. "வேலை நேரத்தில் மட்டும் வலிக்குமோ?" என்று கேட்டவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். அய்யா, அந்த நோயின் குணமே அதுதான்!

இந்த இறுக்கம் அரை மணி, ஒரு மணி நேரம் நீடித்து, இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீங்கினால் தள்ளிப்போடாமல் வாதநோய் மருத்துவரைப் பாருங்கள். இந்த நோய்க்காக எடுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்று வந்தாலும் நோய் இருக்கலாம்; நோயில்லாதவருக்கும் 'பாசிட்டிவ்' வரும். ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

அப்புறம், மூட்டு வலிக்கென்று சிலர் வாங்கிச் சாப்பிடும் அந்த லேபிள் இல்லாத பொடி. அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஊசியாகப் போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த மருந்தால் முகம் உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் எலும்பு மெலிவதும் போகப்போகத்தான் தெரிந்தன. மூன்று நாளில் வலியைப் பறக்கடிக்கும் பொடிகளில் பல சமயம் கலந்திருப்பது இந்த ஸ்டீராய்டு வகைதான். நாள்பட அதைச் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

முடக்குவாதத்துக்கு முதலில் தரும் மாத்திரை பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பார்க்க அதே மாதிரி இருக்கலாம். அதனால் எந்தக் கிழமை என்று சீட்டிலும் அட்டையிலும் எழுதி வாங்குங்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த மாத்திரை கருவைப் பாதிக்கும்.

சரி, கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். உருளைக்கிழங்கும் வாழைக்காயும் வாயுவாச்சே, சாப்பிடலாமா என்று யாரும் எழுத வேண்டாம். சாப்பிடலாம்.