பொங்கலுக்குச் சூரியன் வராத மாடி

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். எனக்குத் தந்திருப்பது பத்து நிமிடம் என்பதால் நேரே விடயத்துக்கு வருகிறேன்.

புதிதாக எழும் தொடர்மாடிகளின் தோற்றம் ஊருக்கு அழகு சேர்க்கிறதா, ஊரின் முகத்தை அழிக்கிறதா என்பது இன்றைய கேள்வி. அழிக்கிறது என்று சொல்ல வந்தவன் நான். எதிரணித் தலைவர், கொழும்பில் பேர வாவிக் கரையில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் அல்டெயர் கோபுரங்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். மோஷே சப்டி என்ற உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வரைந்தது, 68 மாடிகள், 240 மீற்றர் உயரம் என்றார். அத்தனையும் உண்மை, வரைந்தவரின் திறமையை நானும் மதிக்கிறேன். ஆனால், வாவியின் மறுகரையில் நின்று படம் எடுப்பவரின் கண்ணுக்கு மட்டுமா ஒரு கட்டடம் அழகாக இருக்க வேண்டும்? உள்ளே பொழுது எப்படி விடிகிறது என்பதையும் கேட்க வேண்டாமா? மாடியில் விடிந்த ஒரு பொழுதைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் பெரியம்மாவின் மகன் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஏழாம் மாடியில் வீடு வாங்கினார். முகப்பு முழுவதும் கண்ணாடி. பல்கனி கடலைப் பார்த்திருந்தது. கடலைப் பார்த்த வீடு என்றுதான் அதை விற்றார்கள். தைப்பொங்கலன்று பெரியம்மா ஐந்து மணிக்கே தோய்ந்து, புதுப்பானைக்கு மஞ்சள் இலை கட்டி, பல்கனியில் மாக்கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, காஸ் அடுப்பையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்த்து மகனிடம் ஒரு கேள்வி கேட்டார்: "மோனை, சூரியன் எங்கையடா?"

வெள்ளவத்தையில் கடல் இருப்பது மேற்கில், நடுவர் அவர்களே. அந்தப் பல்கனிக்குச் சூரியன் மாலையில்தான் வரும். மறையும் சூரியனுக்கு எங்கள் ஊரில் யார் பொங்கல் படைத்தார்கள்?

பெரியம்மா பானையைத் தூக்கிக்கொண்டு கிழக்குப் பக்க அறைக்குப் போனார். சன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த தொடர்மாடியின் சுவர். அங்கே நின்றும் அதே கேள்வி. மொட்டை மாடிக்கு ஏறினார்கள். கதவு பூட்டியிருந்தது, திறப்பு காவலாளியிடம் இருந்தது. பால் ஒரு கையில், அரிசி ஒரு கையில், பேரப்பிள்ளையின் தலையில் பனங்கட்டிப் பெட்டி. குடும்பமே மின்தூக்கியில் கீழே இறங்கியது. வாகனத் தரிப்பிடத்தில் இருட்டு. கடைசியில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருந்த ஒழுங்கையில் ஒரு பாய் அகலத்துக்கு வெயில் விழுந்ததைப் பேரன்தான் கண்டுபிடித்தான். அப்போது மணி ஒன்பதரை.

அந்த ஒரு பாய் வெயிலில் ஏற்கெனவே மூன்று குடும்பங்கள் அடுப்பு வைத்திருந்தன. வெயில் நகர நகர, நான்கு குடும்பமும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் நகர்ந்தன. பெரியம்மாவின் பால் பொங்குவதற்குள் அடுப்பு மூன்று தரம் இடம் மாறியது. மூன்றாவது தரம் மாறும்போதுதான் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் அவர் "நீங்கள் எவடம்?" என்று கேட்டார். அவர் காரைநகர், மற்றவர் இணுவில், அடுத்தவர் பருத்தித்துறை. நான்கு ஆண்டுகளாக ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டது அன்றைக்குத்தான். "பார்த்தீர்களா, தொடர்மாடி உறவைச் சேர்த்துவிட்டது" என்று எதிரணியினர் எழுந்து சொல்லக்கூடும். அவர்களைச் சேர்த்தது ஒழுங்கை. மாடி செய்ததெல்லாம் நான்கு ஆண்டுகள் அவர்களைப் பிரித்து வைத்ததுதான்.

உயரமாகக் கட்டினால் இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. 1970களில் ஜெஃப்ரி பாவா கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்காக வரைந்த உயர்ந்த கட்டடத்தை, காற்று வரும் திசையறிந்து அமைத்தார். சன்னலுக்குக் கீழே காற்று நுழைய வழியும் விட்டார். எங்கள் மண்ணில் சோளகக் காற்றுக்கும் வாடைக் காற்றுக்கும் திசை பார்த்து வாசல் வைத்த மேசன்மார் இருந்தார்கள். இன்று எழும் கண்ணாடி முகப்புகளுக்குச் சோளகமும் தெரியாது, வாடையும் தெரியாது. ஒரே வரைபடத்தைக் கொழும்பிலும் கட்டலாம், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலும் கட்டலாம். நான் குறை சொல்வது அந்த வரைபடத்தை.

இனி, எதிரணியில் பேசிய தங்கை எறிந்த கல்லுக்கு வருகிறேன். "நாற்சார் வீடு, நாற்சார் வீடு என்று பேசுகிறவர்கள் எல்லாம் வௌவாலுக்குச் சொந்தக்காரர்கள்" என்றார். அவை கைதட்டியது, நல்ல பேச்சுத்தான். ஆனால் தங்கையே, நடுவே முற்றம் விட்டு நாற்புறமும் கட்டிய அந்த வீட்டுக்குள் வௌவால் எப்போது வந்தது? தலைவாசல் திண்ணையில் தாத்தா சாய்ந்திருந்தபோது வந்ததா? நடு முற்றத்தில் மழைத் தண்ணீரைப் பிள்ளைகள் கையால் ஏந்தியபோது வந்ததா? கூரை போட்ட வாசலான சங்கடப் படலையின் நிழலில் வழிப்போக்கர் ஒதுங்கி நின்று தண்ணீர் கேட்டபோது வந்ததா? மூத்தவன் ரொறன்ரோவுக்கும் இளையவள் லண்டனுக்கும் போய், கடைசியாக இருந்த ஆச்சியும் கண்ணை மூடி, உறவுக்காரர் ஒருவர் கதவைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோன பிறகுதான் வந்தது. மனிதர் விட்டுப்போன வீட்டுக்கு வௌவாலாவது வந்ததே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பூட்டிக் கிடக்கும் மாடி வீட்டுக்கு அதுவும் வராது, கண்ணாடியில் இடமில்லை. அந்த வௌவாலுக்கு நான் சொந்தக்காரன் என்றால், ஆம், சொந்தக்காரன்தான். நான் தவழ்ந்த முற்றத்தில் அது இருக்கிறது.

முகம், முகம் என்கிறேனே, கட்டடத்துக்கு ஏது முகம் என்றும் தங்கை கேட்டார். 1981 இல் எங்கள் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். எரிந்த சுவர்களை நினைவுச் சின்னமாக அப்படியே விடுவோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனாலும் மீண்டும் எழுப்பியபோது, 1959 இல் திறந்த அதே வெள்ளைக் குவிமாடத்தோடுதான் எழுப்பினோம். நான்கு சுவரும் ஒரு கூரையும் போதும் என்று யாரும் சொல்லவில்லையே, தங்கையே! அந்த முகத்தைத்தானே எல்லோரும் தேடினோம்?

எங்கள் வளவு யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில். 1990 இல் போர் துரத்த, உடுத்த துணியோடு வெளிக்கிட்டோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு இராணுவம் காணியை விட்டது என்று கேள்விப்பட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். வீடு இல்லை, மதில் இல்லை, ஒழுங்கை இருந்த அடையாளமே இல்லை, ஆளுயரத்துக்குப் பற்றை. எது எங்கள் வளவு என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா பற்றைக்குள் நுழைந்து நடந்தார். கிணற்றுக் கட்டைக் கண்டார், அதன் அருகே தோய்கல்லைக் கண்டார். அங்கிருந்து காலடியை எண்ணிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்று, "இதுதான் முற்றம்" என்றார். காலால் மண்ணைத் தள்ளினேன். அடியில் பழைய சீமெந்துத் தரை இருந்தது.

அடுத்த தையில் அங்கேதான் பொங்கினோம். கூரையில்லாத வளவில் அம்மா சாணத்தால் மெழுகிக் கோலம் போட்டு, மூன்று கல் வைத்தார். வெள்ளவத்தையிலிருந்து பெரியம்மாவும் வந்திருந்தார். ஏழு மணிக்கு முன்பே பனைகளுக்கு மேலால் வெயில் வந்து பானையில் விழுந்தது. அன்று பெரியம்மா சூரியன் எங்கே என்று யாரிடமும் கேட்கவில்லை, நடுவர் அவர்களே.