துறைமுகத்தில் வாங்கினால் மட்டும் அது இன்றைய மீன் ஆகிவிடுமா?

(திரையில்: விடியலுக்கு முந்தைய காசிமேடு, ஏலக் கூச்சல், ஐஸ் உடைக்கும் சத்தம்)

வணக்கம் நேயர்களே. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து, இருட்டோடு காசிமேட்டுக்கு வண்டியை விரட்டி, கூட்டத்தில் இடிபட்டு நீங்கள் வாங்கி வரும் வஞ்சிரம், பிடிபட்டு ஒரு வாரம் ஆன மீனாக இருக்கலாம். வியாபாரி உங்களிடம் பொய் சொல்லவில்லை. படகு இன்று காலையில்தான் கரைக்கு வந்தது; மீன்தான் இன்று பிடிபடவில்லை.

காரணம் எளிது. சென்னையின் பெரிய விசைப்படகுகள் ஐஸ் கட்டிகளை நிரப்பிக்கொண்டு பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கின்றன. முதல் நாள் வலையில் விழுந்ததும் கடைசி நாள் விழுந்ததும் ஒரே படகின் அடித்தட்டில்தான் கிடக்கின்றன, ஒரே ஏலத்துக்குத்தான் வருகின்றன. நன்றாக ஐஸ் போடப்பட்ட மீன் கெட்டுவிடுவதில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் 'இன்று பிடித்தது' என்ற நினைப்பில் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பானேன் என்பதுதான் என் கேள்வி.

ஃபைபர் படகுகள் எனப்படும் சின்னப் படகுகளின் கதை வேறு. இவை இரவிலோ அதிகாலையிலோ கிளம்பி, பெரும்பாலும் முற்பகலுக்குள் கரை திரும்பிவிடும். மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில் இந்தப் படகுகளின் மீனைக் கரையிலேயே வாங்கலாம். வஞ்சிரத்தை மட்டுமே தேடுபவர்களுக்கு இங்கே சில நாள் ஏமாற்றமாக இருக்கலாம்; சங்கரா, காரப்பொடி, நெத்திலி, காணாங்கெளுத்தி என்று அன்றைக்குக் கடல் கொடுத்ததை வாங்கச் சம்மதிப்பவர்களுக்கு அதிர்ஷ்டம். ஆகவே, 'மீன் புதுசா?' என்று கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த மீன்காரரும் 'இல்லை' என்று பதில் சொன்னதில்லை. 'எந்தப் படகு மீன், எத்தனை நாள் தங்கல்?' என்று கேளுங்கள். கேட்பவருக்கு விவரம் தெரியும் என்று புரிந்தவுடன் பதிலின் தொனியே மாறுவதைக் கவனிப்பீர்கள்.

ஊருக்கு ஊர் கணக்கும் மாறும். தூத்துக்குடி விசைப்படகுகள் காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. ஆகவே அங்கே அன்றைய மீன் வேண்டுமானால் விடியலில் அல்ல, இரவு ஏலத்துக்குத்தான் போக வேண்டும். அதே ஊரின் திரேஸ்புரத்திலோ, சில நாள் தங்கிப் பிடித்த நாட்டுப்படகுகள் சனிக்கிழமையில் கூட்டமாகக் கரை சேரும். சின்னப் படகு என்றாலே அன்றைய மீன் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

(திரையில்: குமரி மாவட்ட வரைபடம்)

தடைக்காலத்தைப் பற்றி ஒரு சுவையான தகவல். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு கடற்கரையும் உண்டு என்பதால், கிழக்குப் பக்கச் சின்னமுட்டத்தில் படகுகள் கட்டிக் கிடக்கும் மே மாதத்தில் மேற்குப் பக்கக் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் ஏலம் நடக்கும். ஜூலையில் அப்படியே தலைகீழ். இரண்டு பக்கமும் சேர்ந்து மூடிக்கிடப்பது ஜூன் முதல் இரண்டு வாரங்கள் மட்டுமே. மே மாதத்தில் சென்னைக் கடையில் 'லோக்கல் விசைப்படகு மீன்' என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள்.

சரி, படகு விவரம் கிடைக்கவே இல்லை என்றால் மீனிடமே கேட்க வேண்டியதுதான். கண், செவுள் என்று எல்லோரும் சொல்லும் பாடத்தை நானும் ஒப்பிக்கப் போவதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். ஐஸ் நேரடியாகப் பட்டால் நல்ல மீனின் கண்ணும் வெளுக்கும், உருகிய தண்ணீரில் ஊறினால் செவுளின் சிவப்பும் மங்கும். ஆகவே விரலை நம்புங்கள். அழுத்திய பள்ளம் உடனே நிமிர்ந்துவிட வேண்டும். தலையைப் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்கினால் வால் தொங்காமல் விறைப்பாக நிற்கும் மீன், செத்து அதிக நேரம் ஆகாத மீன். மத்தி, நெத்திலி போன்றவற்றுக்கு வயிற்றைப் பாருங்கள். குடலில் உள்ள நொதிகளே வயிற்றுச் சதையைக் கரைத்துவிடும் என்பதால், வயிறு வெடித்திருந்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். இறாலுக்குத் தலை கறுத்துத் தளர்ந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

(திரையில்: மிக அண்மைக் காட்சி. ஊசிக்கணவாயின் தோல், அதன் மேல் ஒரு விரல்நுனி)

இப்போது நான் ஆவலோடு காத்திருந்த கட்டம். சற்று முன் கரைக்கு வந்த ஊசிக்கணவாயைத் தேடிப் பிடித்து, அதன் தோலை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தோலில் இருக்கும் பழுப்பும் சிவப்புமான புள்ளிகள் விரிந்து சுருங்கும், திருவிழாப் பந்தலின் சீரியல் விளக்கைப் போல! கணவாய் இறந்துவிட்டது, ஆனால் தோல் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் நிறமி நிரம்பிய ஒரு நுண்ணிய பை. அதைச் சுற்றிலும் ஆரக்கால்களாக அமைந்த தசைகள் இழுத்தால் பை விரிந்து நிறம் தெரியும், விட்டால் சுருங்கி மறையும். உயிரோடு இருக்கும்போது கண நேரத்தில் நிறம் மாறி எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவ உதவும் இந்த ஏற்பாடு, இறந்த பின்பும் தசையும் நரம்பும் முழுவதுமாக ஓயும்வரை தொடுதலுக்குப் பதில் சொல்கிறது. எந்த மருந்தைப் பூசியும் இதைப் போலியாக உண்டாக்க முடியாது என்பதால், மீன் சந்தையில் எனக்குத் தெரிந்த மிக நேர்மையான சாட்சி இதுதான். புள்ளிகள் அசையாவிட்டாலும், வெள்ளைச் சதையின் மேல் தனித்தனியாகத் தெளிவாகத் தெரிந்தால் தாராளமாக வாங்கலாம். நிறமி கசிந்து சதையே இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் வேண்டாம். தோலை உரித்துப் பளபளவென்று அடுக்கி வைத்திருப்பவரிடம் தோலோடு கேளுங்கள்; சாட்சியை அனுப்பிவிட்டுத்தான் அவர் வழக்கை நடத்துகிறார்.

நண்டுக்கு அழகு பார்க்காதீர்கள், எடை பாருங்கள். ஒரே அளவில் இரண்டைக் கையில் ஏந்தினால் கனமானதுதான் சதைப்பிடிப்பானது. ஓடு மாற்றி அதிக நாள் ஆகாத நண்டின் உள்ளே பாதி தண்ணீர்தான் இருக்கும். வயிற்றில் முட்டைக் கொத்தோடு இருப்பதை வாங்காமல் விடுவது அடுத்த ஆண்டு நண்டுக்கு நாம் கொடுக்கும் முன்பணம்.

மீன் கெடாமல் இருக்க ஃபார்மலின் என்ற ரசாயனத்தைப் பூசுகிறார்களோ என்ற பயமும் பலருக்கு உண்டு. ஈ மொய்க்காவிட்டால் மருந்து அடித்த மீன் என்று நம்புகிறோம். ஆனால் ஐஸில் புதைந்து குளிர்ந்து கிடக்கும் மீனிடமும் ஈ அவ்வளவாக வருவதில்லை. ஈயைச் சோதனை அதிகாரியாக நியமிக்க வேண்டாம். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சில நிமிடங்களில் நிறம் மாறிக் காட்டும் சோதனைத் தாளையே உருவாக்கியிருக்கிறது.

ஃபார்மலினைவிட நான் அஞ்சுவது வெயிலுக்குத்தான். சூரை, காணாங்கெளுத்தி, மத்தி ஆகிய மூன்றும் சூடான இடத்தில் சில மணி நேரம் கிடந்தால் நுண்ணுயிரிகள் அவற்றில் ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை உண்டாக்கிவிடும்; எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, தடிப்பு வந்து, 'எனக்கு மீன் ஒவ்வாமை' என்று ஆயுளுக்கும் மீனை விட்டவர்களில் சிலர், உண்மையில் வெயிலில் கிடந்த மீனைச் சாப்பிட்டவர்களாக இருக்கலாம். மீன் எவ்வளவோ அதே அளவு ஐஸ் என்பது நம் ஊர் வெப்பத்துக்கான கணக்கு. ஆகவே தெர்மகோல் பெட்டி ஒன்றை வண்டியில் வையுங்கள். கரையில் வாங்கிவிட்டு வழியில் இட்லி சாப்பிட நிறுத்துகிறவர்கள் இரண்டு வையுங்கள்.

உங்கள் ஊர்க் கரையில் சின்னப் படகுகள் எத்தனை மணிக்கு ஏறுகின்றன, எந்த நாளில் வரத்து அதிகம் என்பதை ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். அவற்றைத் தொகுத்துத் திருவள்ளூர் முதல் குமரிவரை ஒரு கால அட்டவணையை அடுத்த வீடியோவில் தருகிறேன்.