18 மெகாஹெர்ட்ஸில் கருகிய பிளேட் சோக்கும் அதற்குப் பதில் நான் சுற்றியதும்

வணக்கம் நண்பர்களே. பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் கேமராவைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வருகிறேன். இதோ, இதைப் பாருங்கள். ஹாம், அதாவது அமெச்சூர் வானொலியில் பவரைக் கூட்டப் பயன்படும் ஒரு பழைய லீனியர் ஆம்ப்ளிஃபயரில் இருந்து கழற்றிய பிளேட் சோக், வால்வுக்கு உயர் வோல்டேஜ் போகும் வழியில் உள்ள சுருள். மேல் முனை புதிது போல இருக்கிறது, கம்பியின் எனாமல் பளபளக்கிறது. கீழ் முனையும் அப்படித்தான். சரியாக நடுவில் மட்டும் அரை விரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு வளையம். ஐந்தாறு சுற்று ஒன்றோடொன்று உருகி ஒட்டிவிட்டது. நகத்தால் சுரண்டினால் உள்ளே குழாயிலும் ஒரு சின்னப் பள்ளம் தெரிகிறது.

இந்த ஆம்ப்ளிஃபயரைப் பழையதாகத்தான் வாங்கினேன். 80 மீட்டர், 40, 20, 15, 10 எல்லாவற்றிலும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒருநாள் 17 மீட்டர், அதாவது 18 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாற்றி டியூன் செய்தேன். வெளியே போகும் பவர் பாதிகூட வரவில்லை, பிளேட் கரண்ட் மட்டும் ஏறியது. எனாமல் கருகும் வாசனை வந்தது. சுவிட்சுக்குக் கை போவதற்குள் காற்றுத் துளைகள் வழியாக ஒரு நீல வெளிச்சம், அவ்வளவுதான்.

ஏன் நடுவில் கருகியது? மேல் முனையில்தானே வால்வின் ஆனோடு, அதாவது பிளேட், இருக்கிறது, வோல்டேஜ் அங்கேதானே அதிகம்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பிளேட் சோக் வடிவமைப்பில் முக்கால்வாசி புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே வருவோம்.

சோக்கின் வேலை இரண்டு. மின்வழங்கியில் இருந்து வரும் 2000, 3000 வோல்ட் டிசியை ஆனோடுக்கு விட வேண்டும். ஆனோடில் உள்ள ஆர்எஃப், அதாவது ரேடியோ அதிர்வெண் மின்னோட்டம், அதே வழியாகத் திரும்பி மின்வழங்கிக்குள் போகாமல் தடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் தோன்றுவது, "சரி, இண்டக்டன்ஸை எவ்வளவு முடியுமோ அவ்வளவு கூட்டிவிடலாம்" என்பதுதான். அங்கேதான் வம்பு தொடங்குகிறது.

நீளமாகச் சுற்றிய கம்பி வெறும் இண்டக்டர் அல்ல. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவிலும், சுற்றுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவிலும் கொஞ்சம் கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ் இருக்கிறது. அதனால் அதிர்வெண் ஏற ஏற அது ஒரு டிரான்ஸ்மிஷன் லைன் போல நடந்துகொள்ளும். முதலில் ஓர் இணை ஒத்ததிர்வு வரும். அங்கே சோக்கின் இம்பீடன்ஸ், அதாவது ஆர்எஃப்புக்கு அது காட்டும் எதிர்ப்பு, வானளவு உயரும். அது நமக்கு நல்லது. அதற்கு மேலே போனால் தொடர் ஒத்ததிர்வு. அங்கே இம்பீடன்ஸ் பாதாளத்துக்கு இறங்கிவிடும். ஆனோடில் இருந்து பார்த்தால் தரைக்கு ஒரு கம்பியை இழுத்துக் கட்டிய மாதிரி. முதல் தொடர் ஒத்ததிர்வில் சோக் அரை அலை நீள லைன் போல வேலை செய்வதால், வோல்டேஜ் உச்சம் முனைகளில் இருக்காது. நடுவில் இருக்கும். ஆனோடில் உள்ளதை விடப் பல மடங்கு அங்கே ஏறும். புண் இருக்கும் இடமே நோயைச் சொல்லிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளை 1979-ல் ஜெனீவாவில் நடந்த உலக நிர்வாக வானொலி மாநாடுதான் ஹாம்களுக்கு ஒதுக்கியது. அதற்கு முன் ஆம்ப்ளிஃபயர் கட்டியவர்களுக்குத் தொடர் ஒத்ததிர்வை ஒளித்துவைக்க நிறைய இடம் இருந்தது. 14.35-க்கும் 21-க்கும் நடுவில் எங்கே வந்தாலும் கவலை இல்லை, 21.45-க்கும் 28-க்கும் நடுவிலும் அப்படித்தான். அந்தக் கால வடிவமைப்பில் தப்பு இல்லை, பட்டைகள்தான் பிறகு வந்தன. ஆகவே பழைய ஆம்ப்ளிஃபயரை 17 அல்லது 12 மீட்டரில் (18, 24 மெகாஹெர்ட்ஸ்) ஓட்ட நினைக்கிறவர்கள் முதலில் சோக்கை அளந்து பாருங்கள். நான் அளக்காமல் ஓட்டினேன்.

இப்போது புது சோக். எவ்வளவு இண்டக்டன்ஸ் வேண்டும்? என் ஆம்ப்ளிஃபயரில் இரண்டு 3-500இசட் வால்வுகள். 3000 வோல்ட், 0.8 ஆம்பியர். ஏபி வகுப்பில் பிளேட் லோடை, அதாவது வால்வு காணும் சுமை எதிர்ப்பைத் தோராயமாகக் கணக்கிட, வோல்டேஜை 1.8 மடங்கு கரண்டால் வகுத்தால் போதும். 2080 ஓம் வருகிறது. "சோக்கின் ரியாக்டன்ஸ் இதைப் போல பத்து மடங்கு இருக்க வேண்டும்" என்று சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 160 மீட்டருக்கு, அதாவது 1.8 மெகாஹெர்ட்ஸுக்கு, அந்தக் கணக்கைப் போட்டால் 1800 மைக்ரோஹென்றிக்கு மேல் வரும். அவ்வளவு கம்பியைச் சுற்றினால் தொடர் ஒத்ததிர்வுகள் வரிசையாக எல்லாப் பட்டையிலும் வந்து உட்கார்ந்துவிடும்.

பத்து மடங்கு தேவையே இல்லை என்பது என் முடிவு. ஆர்எஃப்பைப் பொறுத்தவரை சோக், வால்வை ஆன்டெனாவோடு பொருத்தும் பை நெட்வொர்க்கின் டியூன் கெப்பாசிட்டருக்கு இணையாகத்தான் நிற்கிறது. 1.8 மெகாஹெர்ட்ஸில் சோக் 2070 ஓம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது பிளேட் லோடுக்குச் சமம். அதை ஈடுகட்ட டியூன் கெப்பாசிட்டரில் 43 பிகோஃபாரட் கூடுதலாக வைத்தால் போதும். நெட்வொர்க்கின் க்யூ, அதாவது ஒத்ததிர்வின் கூர்மை, 12 என்றால் அந்தப் பட்டையில் டியூன் கெப்பாசிட்டர் எப்படியும் 500 பிகோஃபாரட் பக்கம் இருக்கும். 500-ல் 43 ஒரு பொருட்டா?

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஆனோடில் ஆர்எஃப் உச்சம் 2500 வோல்ட் என்றால், 2070 ஓம் சோக் வழியாக 1.2 ஆம்பியர் உச்சம் ஆர்எஃப் கரண்ட் ஓடும். டிசி 0.8 தான், ஆர்எஃப் உச்சம் அதை விட அதிகம்! கம்பியின் தடிமனை டிசியை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்தக் கரண்ட் முழுக்க சோக்கின் காலடியில் உள்ள பைபாஸ் கெப்பாசிட்டர் வழியாகத்தான் தரைக்குப் போகிறது. அங்கே 1000 பிகோஃபாரட் வைத்தால் 1.8 மெகாஹெர்ட்ஸில் 88 ஓம், காலடியில் 100 வோல்ட்டுக்கு மேல் ஆர்எஃப் மிஞ்சி நிற்கும். 4700 பிகோஃபாரட் என்றால் 20 வோல்ட் சொச்சம். நான் 4700-ஐ வைத்தேன், ஆர்எஃப் கரண்ட் தாங்கும் உயர் வோல்டேஜ் செராமிக் வகை. அதற்குப் பின்னால் மின்வழங்கிப் பக்கம் ஒரு சின்ன சோக்கும் ஒரு வயர்வுண்டு ரெசிஸ்டரும் இருக்கின்றன.

சுருளின் இண்டக்டன்ஸைக் கணக்கிட வீலர் 1928-ல் கொடுத்த சூத்திரம் போதும். ஆரமும் நீளமும் சென்டிமீட்டரில். ஆரத்தின் வர்க்கத்தையும் சுற்றின் வர்க்கத்தையும் பெருக்கி, 0.394-ஆல் பெருக்குங்கள். ஒன்பது மடங்கு ஆரத்தையும் பத்து மடங்கு நீளத்தையும் கூட்டி, அதனால் வகுங்கள். மைக்ரோஹென்றி கிடைக்கும். 25 மில்லிமீட்டர் டெஃப்லான் தடி, 0.5 மில்லிமீட்டர் எனாமல் கம்பி. எனாமலோடு சேர்த்து 0.56 வருகிறது. 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 178 சுற்று. 183 மைக்ரோஹென்றி. கம்பி 14 மீட்டர் சொச்சம், டிசி ரெசிஸ்டன்ஸ் 1.3 ஓம் பக்கம்.

தடிக்குச் செராமிக் கிடைத்தால் அதுதான் முதல் தரம். அடுத்தது டெஃப்லான். பிவிசி குழாயில் சுற்றாதீர்கள், சூடேறினால் இளகிவிடும். நைலான் ஈரத்தை இழுக்கும்.

சுற்றுவது பொறுமைக்கான வேலை. தடியின் இரண்டு முனையிலும் குறுக்காகச் சின்னத் துளை போட்டு, கம்பியை அதில் இரண்டு முறை நுழைத்துக் கட்டினேன். கம்பியின் மறு முனையை வைஸில் இறுக்கிவிட்டு, முழுவதையும் நீட்டி ஒரு இழுப்பு இழுத்தேன். லேசாக நீள்வது கையில் தெரியும், அதோடு எல்லா நெளிவும் போய்விடும். பிறகு தடியை உருட்டிக்கொண்டே வைஸை நோக்கி நடந்தேன். விறைப்பு ஒருபோதும் குறையக் கூடாது. நடுவில் நின்றால் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள். ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறிவிட்டால் அதுவரைக்கும் அவிழ்த்துத் திரும்பச் சுற்றுங்கள். ஆர்எஃப் வோல்டேஜில் அந்த ஒரு இடம் போதும், பொறி கிளம்ப. ஆனோடு பக்கம் கடைசிச் சில சுற்றுகளை மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டுச் சுற்றினேன்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. சோக்கின் இரண்டு முனையையும் ஒரு பட்டையான தாமிரத் தகடால் ஷார்ட் செய்து, ஒத்ததிர்வைக் காட்டும் கிரிட் டிப் மீட்டரை அருகில் கொண்டு போனால் தொடர் ஒத்ததிர்வுகளில் முள் விழும். என்னிடம் நானோ விஎன்ஏ என்ற சின்ன அளவுக் கருவி இருக்கிறது. இரண்டு சுற்று வளையம் ஒன்றைச் செய்து கோஆக்ஸ் முனையில் வைத்து, சோக்கின் கீழ்ப்பக்கம் நிறுத்தினேன். எஸ்11 கோட்டில், அதாவது திரும்பி வரும் சிக்னலைக் காட்டும் கோட்டில், பள்ளங்கள் தெரியும். மேஜையில் திறந்த வெளியில் முதல் பள்ளம் 16.6 மெகாஹெர்ட்ஸ், இரண்டாவது 25.7. மூன்றாவது 30-க்கு மேல். இரண்டுமே பட்டைகளுக்கு வெளியே. இங்கேயே பலர் நிறுத்திவிடுவார்கள்.

நிறுத்தாதீர்கள். பெட்டிக்குள் அதன் இடத்தில் பொருத்தி, ஆனோடுப் பக்க இணைப்பைக் கழற்றி, மேல் முனையைத் தகடால் தரையோடு சேர்த்து, வளையத்தின் கோஆக்ஸைக் காற்றுத் துளை வழியாக வெளியே எடுத்து, மூடியையும் திருகி மூடிவிட்டு அளந்தேன். 16.6 இறங்கி 16.1 ஆனது. 25.7 இறங்கி 24.9. சரியாக 12 மீட்டர் பட்டையின் தலையில்! மேஜை அளவை நம்பியிருந்தால் இந்தப் புது சோக்கும் கருகிய பழையதோடு சேர்ந்திருக்கும். சுவரும் மூடியும் சேர்க்கும் கெப்பாசிட்டன்ஸ்தான் இந்த மாற்றத்துக்குக் காரணம்.

இரண்டையும் ஒரே நேரத்தில் இடைவெளியில் நிறுத்த வேண்டும். முதலாவது 14.35-க்கும் 18.068-க்கும் நடுவில், இரண்டாவது 24.99-க்கும் 28-க்கும் நடுவில். சுற்றைக் குறைத்தால் இரண்டும் மேலே ஏறும். அதிகம் குறைத்தால் முதலாவது 17 மீட்டரில் போய் விழும். இரண்டிரண்டு சுற்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் மூடியைப் போட்டு அளந்தேன். ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. மொத்தம் 10 சுற்று போனதும் 17.0, 26.3. அங்கே நிறுத்தினேன். இண்டக்டன்ஸ் 172 மைக்ரோஹென்றிக்கு இறங்கியது, 1.8 மெகாஹெர்ட்ஸில் 1950 ஓம். போதும். அதன் பிறகுதான் வார்னிஷ், அதுவும் மெல்லிசாக ஒரே பூச்சு. 160 மீட்டர் உங்களுக்கு வேண்டாம் என்றால் 90 மைக்ரோஹென்றியே 80 மீட்டருக்குத் தாராளம். இந்தப் போராட்டமும் பாதியாகும்.

பொருத்தும்போது பித்தளைத் திருகை அடியில் கொஞ்ச தூரம் மட்டும் ஏற்றுங்கள், தடி முழுக்க நுழையும் போல்ட் கூடாது. பை நெட்வொர்க்கின் டேங்க் சுருளில் இருந்து தள்ளி வையுங்கள். அப்புறம், ஆன்டெனா முனையில் தரைக்கு ஒரு 2.5 மில்லிஹென்றி சோக் கட்டாயம் வேண்டும். டிசி ஆன்டெனாப் பக்கம் போகாமல் தடுக்கும் பிளாக்கிங் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால் 3000 வோல்ட் ஆன்டெனாவுக்குப் போகாமல் ஃபியூஸைப் போக்கிவிடும் காவல் அது.

மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நான் செய்வதைக் கேமராவில் காட்டுகிறேன். பிளக்கைச் சுவரில் இருந்து பிடுங்குகிறேன். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மீட்டரில் வோல்டேஜ் இறங்கும் வரை காத்திருக்கிறேன். பிறகு தரையோடு கட்டிய இந்தக் கொக்கிக் கம்பை உயர் வோல்டேஜ் முனையில் தொட்டு, அங்கேயே மாட்டி விடுகிறேன். வேலை முடியும் வரை அது அங்கேயே இருக்கும். இந்த வோல்டேஜ் ஒருமுறை தொட்டால் இரண்டாவது வாய்ப்புத் தராது.

நேற்று இரவு முதல்முறையாக 18.1 மெகாஹெர்ட்ஸில் ஏற்றினேன். பாதி பவரில் விட்டு விட்டுப் பத்து நிமிடம். பிளேட் கரண்ட் அசையவில்லை. பவர் முழுதாக வந்தது, வாசனை இல்லை. பிளக்கைப் பிடுங்கி, கொக்கியை மாட்டி, சோக்கை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தேன். எங்கேயும் தனியாகச் சூடு இல்லை. நடுவில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தேன். குளிர்ச்சியாகவே இருந்தது. இன்று ராத்திரி 24.9-இலும் இதே சோதனை, கடைசியாக 160 மீட்டர். அங்கேதான் ஆர்எஃப் கரண்ட் அதிகம், அதனால் இந்த முறை காலடியில் உள்ள பைபாஸ் கெப்பாசிட்டரையும் சேர்த்துத் தொட்டுப் பார்ப்பேன்.