மடக்குக் கத்தியின் எவர்சில்வர் பிடி

நேயர்களுக்கு வணக்கம். மடக்குக் கத்தி என்றதும் எல்லோரும் அலகைப் பற்றியே பேசுகிறோம். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருக்கிய, ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கொண்ட எஃகில் தொடங்கும் அந்த வரலாறு எனக்கும் பிடித்தமானதே. ஆனால், கையால் கத்தி செய்பவரைத் திணறடிப்பது அலகன்று, பிடி.

பிடிக்குப் பலர் தேர்ந்தெடுப்பது, நல்ல எவர்சில்வர் பாத்திரங்களில் உள்ள 304 ரக எஃகு. அதில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. வெட்டாமல் உரசினால் அதன் மேற்பரப்பு இறுகிவிடும்; சாதாரண எஃகில் மூன்றில் ஒரு பங்கு அளவே வெப்பத்தைக் கடத்துவதால், சூடு முழுவதும் கருவியின் முனையிலேயே தங்கும்.

எங்கள் பட்டறையில் வேலை பழகிய இளைஞர் ஒருவர், புதிய டிரில் பிட்டுகளைக் கருக்கிவிட்டு, தகடு சரியில்லை என்று வேறு தகடு கேட்டார். துளையிட்டுக் காட்டும்படி சொல்லி அருகில் நின்றேன். துளையிடும் இடத்தைக் குறிக்கும் கூர்முனைக் கருவியான சென்டர் பஞ்சை வைத்து ஓங்கி அடித்தார். அந்த அடியிலேயே அவ்விடம் இறுகத் தொடங்கியது. பிட் முறிந்துவிடுமோ என்று அஞ்சி, வேகத்தைக் கூட்டி, அழுத்தத்தைக் குறைத்து, தொட்டுத் தொட்டு எடுத்தார். சுருளாக வரவேண்டிய சீவல் பொடியாக வந்தது. பின்னர் கீச்சொலி மட்டுமே வந்தது. குழியின் அடி கண்ணாடிபோல் மின்னியது. அந்த மினுமினுப்பைக் கண்டால், பிட் வெட்டவில்லை, உரசுகிறது என்று பொருள். கோபால்ட் கலந்த பிட்டை மாட்டி, மென் எஃகுக்கு வைக்கும் வேகத்தில் பாதி வைத்து, எண்ணெய் விட்டு, வேறோர் இடத்தில் விடாமல் அழுத்தச் சொன்னேன். இருபுறமும் நீண்ட சுருள்கள் ஏறி வந்தன. தகடு அதே தகடுதான்.

அலகு மடங்கித் திரும்பும் அச்சாணிக்கான துளையிலும் இதே கதைதான். 5 மில்லிமீட்டர் துளைக்கு 4.8-இல் துளைத்து, துளையைச் சரியான அளவுக்குச் சீவியெடுக்கும் ரீமரால் முடிக்க வேண்டும். கொஞ்சமே மிச்சம் வைத்தால் நல்லது என்று 4.95 வரை போய்விட்டால், ரீமருக்கு வெட்ட ஒன்றுமிராது. அதுவும் உரசத்தான் செய்யும்.

புதிதாகத் தொடங்குவோருக்கு, கந்தகம் சேர்த்த 303 அல்லது 416 ரகத்தையே நான் பரிந்துரைப்பேன். சீவல் சிறுசிறு துண்டுகளாக உடையும். காந்தம் ஒட்டுகிறது என்பதற்காக 416-ஐ மட்டம் என்று ஒதுக்குவோர் உண்டு. பாத்திரக் கடைக்குக் காந்தத்துடன் போகும் நம் பழக்கத்தின் மிச்சம் அது.

மெருகேற்றுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: சாதாரண இரும்பைத் தேய்த்த பிரஷையோ எமரித் தாளையோ இதில் பயன்படுத்தாதீர்கள். ஒட்டிக்கொள்ளும் இரும்புத்தூள் துருப்பிடித்து, பழி எவர்சில்வரின் மேல் விழும். நன்றி, வணக்கம்.